அத்தை அடுக்கிய கல்

எதிர்வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு மலை ஏறப் போனாளாம். போனில் ஒரு பாறையைக் காட்டினாள். எனக்கு அது தெரியும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இங்கே எழுதுகிறேன்.

அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் கடைக்குட்டி. அப்பா ரிடையர் ஆக ஒரு வருடம்தான் இருந்தது. அதற்குள் சொந்தமாக ஒரு வீடு என்பது அம்மாவின் தவிப்பு. அப்பாவின் அக்கா, புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தைக்கு வேறு தவிப்பு. புது வீட்டில் தனக்கு இடம் இருக்குமோ என்னவோ என்று பக்கத்து வீட்டில் அவள் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

தை மாதம் ஊத்துக்கோட்டைக்கு அப்பால் ஒரு மலைக்கோயிலுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆற்றோரமாகவே நடை. ஒரு திருப்பத்தில் அந்தப் பாறை நின்றது. படுத்த யானை போல ஒரு கருங்கல், அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேலே உருண்டையாக ஒன்று. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வானம் தெரிந்தது. வெயில் பட்ட பக்கம் ரோஜா நிறம். ஆறுகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போனது. கழுத்து வலிக்கப் பார்த்தேன். அதைவிட அழகாக இன்றுவரை நான் எதையும் பார்த்ததில்லை.

வீடு வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறவர்கள் அதன் அடியில் கல்லின்மேல் கல் அடுக்கி வைப்பார்கள். பாறையையும் வீடு கேட்டு ஏதோ பூதம் அடுக்கியதாகவே நினைத்தேன்.

அம்மா மூன்று கல் அடுக்கினாள். அத்தை தள்ளிப் போய் இரண்டே இரண்டு வைத்தாள். பூதத்துக்கு மாடி இருக்கிறதே, அத்தைக்கு வேண்டாமா என்று உருண்டைக் கல் ஒன்றை அதன்மேல் வைத்தேன். எல்லாம் சரிந்தது. சரிந்தால் வீடு அமையாது என்பார்கள்.

"ஊட்டை இடிக்கவே பொறந்துகீறியாடி?" என்று அம்மா கையை ஓங்கினாள்.

அத்தை குறுக்கே வந்தாள். "வுடு, கொழந்த. எனக்கு இன்னாத்துக்குத் தனியா ஊடு?"

"அதான் நானும் கேக்கறேன் அண்ணி" என்றாள் அம்மா. சரிந்த இரண்டு கல்லையும் எடுத்து வந்து தன் அடுக்கின்மேல் வைத்தாள். ஐந்து கல். ஆடவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அத்தையின் கல்லை அம்மா பிடுங்கிக்கொண்டாள் என்று எனக்கு ஒரே கோபம். திரும்பும்போது அம்மாவோடு பேசவே இல்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எல்லாம் பறிபோனவள் வழியெல்லாம் ஏன் சிரித்த முகமாக வந்தாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.