அக்காவின் திங்கட்கிழமை நோவு

எங்கள் வீட்டில் வெல்லம் அக்காவுக்கு மட்டும்தான். முத்தியால்பேட்டையில் பஞ்சாலைக்குப் போகிறவர்கள் வீட்டிலெல்லாம் அதுதான் வழக்கம். தொண்டையில் இறங்கிய பஞ்சுத் தூசியை வெல்லம் கீழே தள்ளிவிடுமாம். பள்ளிக்கூடம் போகிற எனக்கு ஏது தூசி? எனக்கும் ஒரு துண்டு கேட்டால் அம்மா முறைப்பாள். வயிறு எரியும்.

அதைவிட எரிச்சல் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அக்கா பளிச்சென்று வருவாள், வழியெல்லாம் சிரிப்பாள். மறுநாள் ஆலையிலிருந்து வந்ததும் நெஞ்சை அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்துவிடுவாள். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்து முதுகைத் தடவிவிடுவாள். செவ்வாய், புதன் என்று போகப் போக நோவு குறைந்துவிடும். கிழமை பார்த்தா ஒரு நோவு வரும்? சுத்த நடிப்பு என்று நான் தீர்மானித்திருந்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், ஆலைப் பெண்களைக் கோயில் முற்றத்தில் உட்காரவைத்து ஒரு பிரெஞ்சு டாக்டர் பேசினார். கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் அதைத் தமிழில் சொன்னார். வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும், தூசி இருப்பதோ நெஞ்சுக்குள். வேலை நேரத்தில் மூக்கை மூடி ஈரத்துணி கட்டுங்கள் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொலைந்தது அக்காவின் வெல்லம்!

பிறகு, லீவு முடிந்து போகிற முதல் நாள் யாருக்காவது நெஞ்சை அடைக்கிறதா என்று கேட்டார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குட்டை உடைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? எழுந்து நின்றேன்.

"எங்க அக்காவுக்கு அடைக்குது. திங்கக்கெழமதான் வரும். அப்பறம் நல்லாப் பூடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவை அழைத்து, முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். தூசி நோய் இப்படித்தான் தொடங்கும், இந்தப் பெண் இனிப் பஞ்சுப் பக்கமே போகக் கூடாது என்றார். அத்தனை பேர் முன்னால் அவளுக்கு மட்டும் அந்தக் கவனிப்பு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சேதி ஆலைக்கு எட்டி, மறுநாளே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இனி அடுப்பு எப்படி எரியும் என்று அம்மா அழுதாள். அக்கா என்னோடு பேசவில்லை. சில வாரங்களில் அவளுக்குத் திங்கட்கிழமையும் மற்ற நாள் போலவே ஆகிவிட்டது.

அவளோடு வேலை செய்த பெண்கள் பார்க்க வந்தார்கள். சேர்ந்து வரவில்லை, ஒவ்வொருத்தியாக, தனியாக வந்தார்கள். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லாரும் தணிந்த குரலில் ஒன்றையே கேட்டார்கள்.

"வூட்ல இருந்தா செரியாப் பூடுதாடி?"

ஊரே வந்து இவளை விசாரிக்கிறதே என்று நான் புழுங்கினேன். அவர்கள் விசாரித்தது யாருடைய நெஞ்சை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.