லிஃப்டை நிறுத்தி வைத்த நாலு நாள்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடுகிற ரகம். "உள்ள ஆள் மாட்டியிருந்தா?" என்பான். கதவைக் கையால் பிடித்து வைத்துக்கொண்டு கதை பேசுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது. கூடப்பிறந்த அக்கா என்றும் பாராமல் என்னையே நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறான்.

அவன் குடும்பம் ஆறாவது மாடியில், நான் நாலாவதில். அவனுக்கு ஒரே மகள். எட்டு வயதிலிருந்து தினமும் காலையில் இருவருக்கும் பந்தயம். அவன் லிஃப்டில் இறங்குவான், அவள் படியில் தடதடவென்று ஓடுவாள். கீழே கதவு திறக்கும்போது எதிரில் நிற்பாள். "தோத்துட்டியாப்பா?" அந்தக் குரல் என் வீடு வரை கேட்கும். காலங்கார்த்தாலே என்ன கூத்து இது என்று சிடுசிடுப்பேன்.

பதினாறு வயதில் அது நின்றது. முதலில் பந்தயம், பிறகு சிநேகிதிகள், பிறகு சாப்பாடு. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். வயசுத் திமிர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். டாக்டரம்மாதான் இது மனச்சோர்வு என்றார். வாரம் ஒருநாள் தன்னிடம் வந்து பேச வேண்டும், கூடவே வாரத்தில் மூன்று நாளாவது மூச்சு வாங்கி வியர்க்கும்படி உடம்பை அசைக்க வேண்டும், அதுவும் சிகிச்சைதான் என்றார்.

என் தம்பி பின்னால் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய் எங்கள் லிஃப்டை நிறுத்தினான். 'பழுது' என்று பலகையும் மாட்டினான். ஆறு மாடி ஏறி இறங்கித்தானே ஆகணும் என்பது அந்த மேதாவியின் யோசனை.

நாலு நாள். காய்கறிப் பையோடு நான்தான் இரைக்க இரைக்க ஏறினேன். அவள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய நாளிலும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை நான் அங்கே இருந்தேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நீதானேப்பா நிறுத்தின?"

"யார் சொன்னா?"

"நிஜமாவே பழுதுன்னா நீ உக்காந்து சாப்பிட மாட்டே."

அவன் கை தட்டிலேயே நின்றது. "எந்தக் கட்டடத்துல கதவு திறந்தாலும் உன்னத்தான்மா தேடுறேன். ஒரே ஒரு தடவை நீ எதிர்ல நிக்கிறதப் பாக்கணும்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லியாப்பா? எழுந்திருக்கவே முடியல. வெளிய போக இருந்த ஒரு வழியையும் நீ அடைச்சிட்டே."

எச்சில் கையோடு மொட்டைமாடிக்கு ஓடினான். அன்றே இருவரும் லிஃப்டில் இறங்கி டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் கோபிக்கவில்லையாம். "பின்னால நின்னு தள்ளாதீங்க, கூட நடங்க. இப்போதைக்கு ஒரு மாடி போதும்" என்றாராம்.

தினமும் சாயங்காலம் ஆறாவது மாடியிலிருந்து ஐந்தாவதுக்குப் படியில் இறங்கி, அங்கிருந்து லிஃப்டில் திரும்பினார்கள். சில நாள் அவள் கதவே திறக்க மாட்டாள். இவன் ஷூ மாட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். என் மாடியை எட்டவே இரண்டு மாதம் ஆனது. காலடிச் சத்தம் கேட்டால் குப்பைக்கூடையைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் வெளியே வந்து நிற்பேன்.

போன வாரம் ஒரு காலை லிஃப்டுக்காகக் காத்திருந்தேன். கீழே போன லிஃப்ட் மேலே வருவேனா என்றது. பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலித்தது. "எவன்டா கதவப் பிடிச்சு வச்சிருக்கிறது?" என்று கத்தினேன்.

படியில் அவள் வந்தாள். வியர்த்த முகம், கை கைப்பிடியில்.

"அத்தை, அப்பா இறங்கிட்டாரா?"

"அவன் போய் எவ்வளவோ நேரமாச்சேடி!"

"சரி" என்று நிற்காமல் இறங்கினாள். மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி என்று எண்ணிக்கொண்டே நின்றேன். கடைசியில் கீழிருந்து, மூச்சு வாங்க, அவள் குரல் வந்தது.

"நான் தோத்துட்டேன்பா!"

ஜெயித்தவன் ஓவென்று அழுகிற சத்தம் நாலாவது மாடி வரை கேட்டது. கதவை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.