கரையிலிருந்து கூப்பிட்ட குரல்

பழவேற்காட்டுக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏரியுமாகக் கிடக்கிற குப்பத்தில், தேசப்பன் மகள் அர்ச்சனா என்ன வேலை செய்கிறாள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்காக, நகைக்கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுத்தாள். மீன் விற்கிற இடத்தில் யாராவது விசாரித்தால் அவள் அம்மா கஸ்தூரியம்மாள், "இன்னாவோ பண்ணுது. நாள் பூரா பொட்டி முன்னால குந்திகினு கீது. சோறு துன்னக் கூப்ட்டா அஞ்சு நிமிசம்ன்னுது" என்பாள்.

ஊருக்குத் தெரிந்தது அவளுடைய ரேடியோதான். ஒரு தொண்டு நிறுவனம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் சின்ன ஏரியல் வைத்துச் சமுதாய வானொலி ஆரம்பித்தது. அதற்கு வெப்சைட் செய்யப் போனவள் அர்ச்சனா. ஆரம்பித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட, பாட்டுப் போடுவதும் மைக்கைத் துடைப்பதும் அவள் தலையில் விழுந்தது. புயல் எச்சரிக்கை வாசிப்பாள். யார் வீட்டிலாவது சாவு என்றால் எடுக்கிற நேரத்தைச் சொல்வாள். டீக்கடையைத் தாண்டும்போது, "இன்னா பாப்பா, இன்னிக்கு யாரு போணி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போவாள். ஆனால் மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது. தன் ரேடியோவைக் கேட்டு யாராவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், பறி நிறைய மீன் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பிளாஸ்டிக் குழாய், சோறு வைக்கிற டப்பா, பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டார், இவற்றைக் கட்டி ஒரு மிதவை செய்தார்கள். ஏரியில் விட்டால் அது தானாகப் போய் ஆழத்தையும் தண்ணீரின் உப்பையும் அளந்து போனுக்கு அனுப்பும். பிள்ளைகளில் கெட்டிக்காரி மாலதி. பதினொன்றாவது படித்தாள். ஏரியோரத்து இருளர் குடியிருப்பில் சடையனுடைய மகள். அந்த மிதவையின் ஒயர்களை எல்லாம் பற்றவைத்தது அவள்தான். குரலும் நன்றாக இருக்கும். அதனால் காலையில் மிதவை அளந்ததை ரேடியோவில் வாசிக்கிற வேலையையும் அர்ச்சனா அவளுக்கே கொடுத்தாள். நிகழ்ச்சிக்குத் 'தண்ணி நிலவரம்' என்று பெயர்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று குப்பங்கள் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். இருளர்களுக்குப் பாடு கிடையாது. படகும் இல்லை, வலையும் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றுக்குள் கையை விட்டு இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அன்றைக்குப் பாடு உள்ளவர்கள் வலையைத் தூக்கி முடித்ததும், குப்பத்திலிருந்து யாராவது கரையில் நின்று ஒரு குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் வந்த பிறகுதான் இவர்கள் இறங்கலாம். எழுதி வைத்ததில்லை. ஆனால் யாரும் மீறியதுமில்லை.

மழை விட்ட ஒரு காலையில் மாலதி வாசித்தாள். "முகத்துவாரத்துக்கு மேற்கால திட்டுப் பக்கம் தண்ணி இடுப்பளவு கீது. உப்பு நல்லா ஏறிகீது. வணக்கம்."

மழைத் தண்ணீருக்குப் பின்னால் உப்பு ஏறினால் இறால் அங்கே கூடும் என்பது ஏரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சடையன் போனில் ரேடியோவைப் போட்டுக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். குப்பத்து ரேடியோ. குப்பத்துப் பொண்ணு நடத்துகிற ரேடியோ. இடத்தைச் சொல்லி, தண்ணீர் இடுப்பளவு என்றும் சொல்கிறது. அவனுக்கு அது கரையிலிருந்து கொடுக்கிற குரலாகவே பட்டது. "நம்ம மாலதி வாயாலயே கூப்ட்டுட்டாங்கடா" என்று அக்கம்பக்கத்தாரையும் எழுப்பி அழைத்துக்கொண்டு போய் இறங்கினான்.

அன்றைக்கு அந்தத் திட்டு அர்ச்சனாவின் குப்பத்துப் பாடு. வலை இன்னும் கட்டவே இல்லை.

படகில் வந்தவர்கள் முதலில் பறிகளைப் பிடுங்கி இறாலைத் தண்ணீரில் கொட்டினார்கள். மற்றவர்கள் கரையைப் பார்த்து ஓட, சடையன் மட்டும் நின்று, "ரேடியோல கூப்ட்டாங்க சாமி" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். "அப்டியா? எந்தக் கையால புடிப்ப?" என்று ஒருவன் கேட்டான். கிண்டல் செய்கிறார்கள், திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்த சடையன் சிரித்தபடி வலது கையைத் தூக்கிக் காட்டினான். அந்தக் கையைப் படகின் விளிம்பில் வைத்து இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன் படகு தள்ளுகிற கோலின் அடியால் இடித்தான். ஒரு முறை இடித்து நிறுத்தவில்லை.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைவர் கிருஷ்ணன், அர்ச்சனாவுக்குப் பெரியப்பா முறை. அவர் பேரன் ராகுலும் ரோபோ குழுவில் இருந்தான். மிதவையை ஊர்க்காரர்கள் ஏற்கெனவே எடுத்து வலைக் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சென்னையில் நடக்கும் மாணவர் ரோபோப் போட்டிக்கு அதை எடுத்துப்போக அர்ச்சனா முன்பே வேன் சொல்லியிருந்தாள்.

"பாப்பா, நீ அவனுங்கள கூப்ட்டியா?" என்றார் கிருஷ்ணன்.

"இல்ல பெரியப்பா. தண்ணி நெலவரம்தான் சொன்னோம்."

"அப்ப கூப்புடலன்னு சொல்லிடு. ரேடியோலயே சொல்லு. அவனுங்க போலீசாண்ட போறானுங்களாம்."

"நான் சொல்லிடறேன்."

"நீ சொன்னா எவன் நம்புவான்? எந்த வாய் சொல்லிச்சோ அந்த வாயே சொல்லணும். 'யாரும் கூப்புடல, எங்க நைனா திருட்டுத்தனமா எறங்குனாரு, ஓடசொல்லோ படகுல கை நசுங்கிடுச்சு, ஊர்மேல தப்பு இல்ல.' இத்த அந்தப் பொண்ணு படிக்கணும். காலைல சாங்காலம் ரெண்டு வேளையும் போடணும்."

"தானா நசுங்கலியே பெரியப்பா."

கூட்டம் சிரித்தது. "நீ தண்ணிக்குள்ள முழுவி பாத்தியா?" என்றான் ஒருவன்.

கிருஷ்ணன் சிரிக்கவில்லை. "மாடி ஊரோடது. கரண்டு ஊரோடது. ஒரு ஒயர புடுங்குனா உன் ரேடியோ கம்முனு ஆயிடும். போட்டிக்கும் போவ வேணாமா? ராகுலு ராவெல்லாம் அத்தயே பொலம்பிகினு கீறான். படிக்க வெச்சுட்டு மிசின எடுத்துக்கோ. ஆனா அந்தப் பொண்ணு வேன்ல ஏறக்கூடாது. நம்ம புள்ளைங்க போதும்."

அர்ச்சனா அப்பாவைப் பார்த்தாள். தேசப்பன் கால்விரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். "சரி பெரியப்பா" என்றாள்.

மறுநாள் மாலதியின் வீட்டுக்குப் போனாள். சடையன் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். விரல்கள் இனி மடங்காது என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவன் மனைவி காசியம்மாள் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். அர்ச்சனா வந்த விஷயத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

"இத்த கேக்க நீயே வந்தியாம்மா?" என்றாள் காசியம்மாள். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

மாலதி, "படிக்கலன்னா இன்னா ஆவும்க்கா?" என்றாள்.

"ரேடியோவ மூடிடுவாங்க. மெதவையும் தரமாட்டாங்க. போட்டிக்குப் போக முடியாது."

"படிச்சா?"

"போலாம்."

"நானும் வரலாமாக்கா?"

அங்கேதான் அர்ச்சனா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாலதி படிக்கமாட்டாள். வழியெல்லாம் இதை யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"நீ இல்லாம எப்படி? பஸ் ஸ்டாண்டாண்ட நில்லு. வேன் அங்க வந்து ஏத்திக்கும்."

மாலதி அப்பாவைப் பார்த்தாள்.

"படி பாப்பா," என்றான் சடையன். "கைதான் பூட்ச்சு. நல்ல பேரு மட்டும் இருந்து இன்னா ஆவப்போவுது?" என்று தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். கட்டு அசைந்து வலித்ததில் சிரிப்பு பாதியில் நின்றது.

மாடி அறையில் மாலதி மைக்குக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போதும் போல, "நேயர்களுக்கு வணக்கம்" என்று ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடவில்லை என்றாள். என் நைனா திருட்டுத்தனமாக இறங்கினார் என்றாள். ஊர் மேல் தப்பில்லை என்று முடித்து, கணினியில் அர்ச்சனா பதிவை நிறுத்தும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, 'திருட்டுத்தனமா'ன்ற எடத்துல வாய் கொழறிச்சு. இன்னொருவாட்டி படிக்கட்டா?"

"வேணாம், போதும்."

"தெளிவா இல்லன்னா மறுபடியும் கேப்பாங்கக்கா" என்று அவளே இன்னொரு தடவை படித்தாள். இரண்டாவது தடவை குளறவில்லை. அர்ச்சனா அதையே ஏற்றினாள். சாயங்காலம் டீக்கடையில் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். "சோக்கா படிக்குதுடா. நியூஸ் படிக்கவே போவலாம்" என்று பாராட்டினார்கள். கிருஷ்ணன் கொட்டகைச் சாவியை ராகுலிடம் கொடுத்தனுப்பினார். போலீஸ் வரவில்லை.

போட்டி நாளன்று வேன் குப்பத்திலேயே நிறைந்துவிட்டது. ராகுலும் மற்ற பிள்ளைகளும் மிதவையை மடியில் கிடத்திக்கொண்டார்கள். அர்ச்சனா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டாமல் போக வேறு வழி இல்லை.

மாலதி அங்கே நின்றிருந்தாள். பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டு, எண்ணெய் வைத்துப் பின்னி, பற்றவைக்கிற கம்பி இருக்கும் பையை மார்போடு பிடித்திருந்தாள். வேனைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

"அக்கா, மாலதி நிக்கிது" என்றான் ராகுல்.

"தாத்தா சொன்னாரில்ல?" என்றாள் அர்ச்சனா.

வேன் தாண்டியதும், தன்னைப் பார்க்காமல் போகிறார்கள் என்று மாலதி நினைத்திருக்க வேண்டும். "அக்கா! அர்ச்சனாக்கா!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். ஓடுகிறவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்துவது டிரைவருக்குப் பழக்கம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதித்தார்.

"உங்க பேரச் சொல்லித்தாம்மா கூப்புடுது. தெரிஞ்ச பொண்ணா?"

பின் சீட்டில் பிள்ளைகள் குனிந்து மிதவையின் ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லண்ணே," என்றாள் அர்ச்சனா. "நேரமாவுது, போங்க."

டிரைவர் கியரை மாற்றினார். பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்த குரல் கொஞ்ச தூரம் கேட்டது. ராகுல் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினான்.