தண்ணீரைப் பார்த்த ஆன்டெனா

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தேயிலைக் கிடங்கின் மொட்டை மாடியில் இருந்த செல்போன் டவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கரண்ட் போனால் மற்ற இடங்களில் ஜெனரேட்டர் ஓடும். இங்கே கிடங்கு முதலாளி விடவில்லை. டீசல் வாடை பிடித்த தேயிலையை எவன் வாங்குவான் என்பார். அவர் சொன்னதும் நியாயம்தான். எங்களுக்குப் பேட்டரியே கதி.

அந்த மழைக்காலத்தில் கரண்ட் மணிக்கணக்கில் போனது. டவர் இரண்டு முறை அணைந்துவிட்டது. இன்னொரு தடவை அணைந்தால் டவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டு என்னைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பப்போவதாக மேலதிகாரி சொன்னார். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

மூன்று ஆன்டெனாக்களில் இரண்டு கடைத்தெருவைப் பார்த்தவை, ஒன்று பின்னால் விரிந்துகிடந்த காயலை, அதாவது உப்பங்கழியை. தண்ணீரில் மீனா போன் பேசப்போகிறது? கரண்ட் போனதும் காயல் பக்கத்தை அணைத்தேன். பேட்டரி தாக்குப்பிடித்தது. மூன்று நாள் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நான்காம் நாள் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். காயலில் வள்ளத்தில் போய் வலை போடுகிறவர்.

"சாயங்காலம் போன் செத்துக் கெடக்கு மாப்பிளே. எந்தக் கரையில மீனுக்கு நல்ல வெலைன்னு கரையில நிக்கிற சேட்டன்மாரு போன்ல விளிச்சுச் சொல்லுவாங்க. மூணு நாளா குத்துமதிப்பா ஏதோ ஒரு கரையில எறக்குறேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். "டவர் நல்லா ஓடுதுன்னீங்களே?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்ததை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "தண்ணியில செவரா இருக்கு? நாங்க கூவுனாலே அக்கரைக்குக் கேக்குமே."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. காயலில் தடுப்பே கிடையாது. மிகக் குறைந்த பவரே போதும். கனத்த சுவர்கள் உள்ள கடைத்தெருவுக்குத்தான் நிறைய வேண்டும். அங்கேயும் கடை அடைத்த பிறகு ஓர் ஆன்டெனா போதும். அணைப்பது ஒன்றே சிக்கனம் என்று நினைத்தது என் மடத்தனம். மறுநாள் அந்தக் கணக்குப்படியே பவரை மாற்றி வைத்தேன். எவ்வளவு நேரம் கரண்ட் போனாலும் டவர் அணையவில்லை. மேலதிகாரியும் கோழிக்கோட்டுப் பேச்சை விட்டுவிட்டார்.

மழை ஓய்வதற்குள் மகள் பிறந்தாள். அன்று சாயங்காலமும் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மச்சானைக் கூப்பிட்டேன். வள்ளத்தில் இருந்தார், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பொண்ணு பொறந்திருக்கு மச்சான்."

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அவர் கூவிச் சிரித்தது கேட்டது.

"இனி உங்கள எங்கயும் அனுப்ப மாட்டாங்கல்ல மாப்பிளே?"

"மாட்டாங்க மச்சான்."