பாதிக் கிணறு வகுப்புக்குள்

எட்டாவது தேறி, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து ஊருக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதை எல்லோருக்கும் அடிக்கடி நினைவூட்டிக்கொண்டும் இருந்தேன். ஆனால் பள்ளி திறக்கும் நாளுக்குள் கூரையோடு ஓர் அறை எழும்பாவிட்டால் பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். என் வேலையும் கூடவே போகும்.

ஊர் கொடுத்த இடமோ ஏரிக்கரை ஓரம். கிழக்கே முழங்கால் ஆழத்தில் பாறை. மேற்கே கரிய களிமண்; வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும்.

பொம்மிடி ரயில் பாதையில் கூலி வேலை பார்த்த அப்பா, "மரக்கம்பம் அடிச்சு அதுமேல செவுத்த ஏத்தலாம். பாலத்துக்கெல்லாம் அப்பிடித்தான்" என்றார்.

அடித்துப் பார்த்தோம். கிழக்கே அடித்த கம்பம் பாறையில் மோதி விறகாகப் பிளந்தது. மேற்கே அடித்தது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"இன்னும் நாலு போடு போடுங்க, பாதாளத்துல யாராச்சும் புடிச்சுக்குவாங்க" என்றார் கொத்தனார்.

நான் முடிவு சொன்னேன். கிழக்கே பாறைமேலேயே கல் வைப்பது. மேற்குச் சுவருக்கு வரிசையாக மூன்று கிணறுகளைக் கெட்டித் தரை தட்டும்வரை இறக்கி, கல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பி, மேலே வளைவு கட்டிச் சுவர் எழுப்புவது. கொத்தனார் சம்மதித்தார்.

நடுக் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது. ஊர்க் கிணறுகளெல்லாம் வறண்டிருந்த கோடை அது. கல் கொட்டுவதற்குள் பெண்கள் குடத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் என் அம்மா, கையில் மஞ்சள் குங்குமத்தோடு.

"தண்ணிய மூடறியா? நீ படிச்ச படிப்புல அதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அது அஸ்திவாரம்மா!"

"குடிச்சுப் பாரு, அஸ்திவாரம் எவ்ளோ இனிப்பா இருக்குதுன்னு!"

குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. சுவரின் பாரத்தைக் கோடிக் கிணறுகள் இரண்டும் தாங்கும்படி ஒரே நீள வளைவாகப் போடச் சொன்னேன். நடுக் கிணறு பாதி வகுப்புக்குள்ளும் பாதி வெளியேயும் நின்றது.

இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளைகள் விழுந்தால்?"

வெளிப்பக்கம் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த அம்மா வளைவுக்கு அடியில் தலையை நீட்டினாள்.

"வுழறதுக்கு ஊரெல்லாம் கெணறு கெடக்குதுங்க. தூக்கிவுட எம் மவ நிக்கறது இது ஒண்ணுகிட்டதானுங்க."

உள்பாதியைப் பலகை போட்டு மூட உத்தரவிட்டார். பிறகு ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். பள்ளிக்கூடம் எங்கள் ஊரிலேயே நின்றது. முதல் நாள் பாடத்தைக் கிணற்று ராட்டினச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் நடத்தினேன்.