மீனுக்குப் போட்ட தங்கச் சங்கிலி

தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம் இருந்தது. அதில் கொசுப்புழு நெளிகிறது என்று, என் வீட்டுக்காரர் தேயிலைச் சரிவுக்குக் கீழே ஓடும் ஆற்றிலிருந்து இரண்டு மீன்களைப் பால் டின்னில் கொண்டுவந்து விட்டார். எழுபதுகளில் நடந்த கதை இது. விரல் நீளம்தான், காய்ந்த இலை நிறம். பெரியதன் கன்னத்தில் மட்டும் வெயில் பட்டால் பச்சையாக மின்னும். மலாய்க்காரர்கள் இக்கான் லாகா, சண்டை மீன், என்பார்கள். பிரிஞ்சாங் டவுன் கடையில் சிவப்பும் நீலமுமாகப் போத்தலில் விற்பார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இது சண்டைக்குப் போகாது. ஆற்றில் சருகு தேங்கிய ஓரத்தில் சும்மா நிற்கும். அந்தத் தண்ணீரில் கை வைத்தாலே எனக்கு விறைக்கும்; அதற்கு அதுதான் சுகம். புழு நெளிந்தால் மட்டும் ஒரே பாய்ச்சல்.

அதற்கு முன் எனக்கு ஒரு பிள்ளை தங்கவில்லை. மீன் வந்த மாதம்தான் மறுபடி முழுகாமல் இருந்தேன். அத்தைக்கு, அதுதான் என் மாமியாருக்கு, அது போதுமே! மீன் நன்றாக இருந்தால் பிள்ளையும் நன்றாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். நானும் நம்பினேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் பார்த்தால், பெரிய மீனின் தாடை உப்பிக் கிடக்கிறது. புழுவைத் தொடவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றது. ஐயோ என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, இது பொன்னுக்கு வீங்கிடி! எம்மவனுக்குப் போன மாசம் இப்படித்தானே வீங்குச்சு."

"மீனுக்கு எங்கக்கா பொன்னுக்கு வீங்கி வரும்?"

"ஒட்டுவார் ஒட்டி லா அது. அவன்தானே டெய்லி டிரம்முல மூஞ்சிய வுட்டுக்கிட்டுக் கெடந்தான்!"

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவது எங்கள் வழக்கம். வீக்கம் வடிந்துவிடும் என்பார்கள். அத்தை யோசிக்கவே இல்லை. அந்த மீனை மட்டும் ஒரு மிட்டாய் போத்தலுக்கு மாற்றி, தன் சங்கிலியைக் கழற்றிப் போத்தலின் கழுத்தில் போட்டார்.

வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "யாருக்கும்மா கல்யாணம்?"

"சிரிக்காதடா. ஒம் பொண்டாட்டி வயித்துல இருக்கறத நெனச்சுக்க."

அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. தினமும் சாப்பிடுவதற்கு முன் போத்தலைத் தூக்கிப் பார்ப்பார். மீன் இளைத்துக்கொண்டே போனது. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல் அசையும். எனக்கும் சோறு இறங்கவில்லை.

"நீ பட்டினி கெடந்தா மீனுக்கு வீக்கம் வடிஞ்சிருமா, புள்ள?" என்று அவரே பிசைந்து கொடுத்தார்.

இரண்டு வாரம் போல ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கத்தினார். "அடியே, ஓடியா! மீனு வாந்தி எடுக்குது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். மீனின் வாயிலிருந்து கடுகுக்கு வால் முளைத்ததுபோல் ஒன்று வந்தது. பின்னாலேயே ஒரு கூட்டம்.

"வாந்திக்குக் கண்ணு இருக்குமாக்கா?" என்றேன். சிரித்தேனா அழுதேனா, தெரியாது.

குஞ்சுகளை லயத்து டிரம்களுக்கெல்லாம் பங்கு போட்டோம். சங்கிலிக்குத்தான் வாய் திறந்தது என்று அத்தை கடைசிவரை சாதித்தார். பெரியதுதான் தாய் என்று எல்லாரும் நினைத்தோம். சின்னதையும் அதே போத்தலில் விட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெரியது சின்னதை வளைத்துக் கட்டிக்கொள்கிறது. முட்டை போட்டது சின்னது! போட்ட முட்டைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பெரியதன் முன்னால் துப்புகிறது. அது பிடித்துப் பிடித்து வாயில் அடக்கிக்கொள்கிறது. தாய்க்காரி ஜாலியாகப் புழு தின்னப் போய்விட்டாள். பட்டினி அப்பனுக்குத்தான்.

எனக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது, நல்ல கனம். வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர் பிள்ளையைக் கீழே விடவில்லை. தட்டில் சோறு ஆறிக் கிடந்தது.

அத்தை பார்த்துப் பார்த்துக் கடைசியில் கத்தினார். "டேய், தின்னுட்டுத் தூக்குடா! இல்லன்னா நீயும் வாயிலயே வெச்சுக்க!"

"வெச்சுக்கிறேன். சங்கிலி போடுவியாம்மா?" என்றார் இவர்.