மூத்தவன் பெயர் முதலில்

போன வியாழக்கிழமை மதியம். சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கிறேன். என் போன் திடீரென்று அலறியது. ரிங்டோன் இல்லை – தீயணைப்பு வண்டிச் சத்தம். பதறிப்போய் எடுத்தால் திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி: அப்பா பட்டனை அழுத்தியிருக்கிறார்.

அடுப்பை அணைத்தேனா இல்லையா என்ற சந்தேகம் ஸ்கூட்டியில் பாதி தூரம் போன பிறகுதான் வந்தது. (அணைத்திருந்தேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.)

பட்டன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. அம்மா போன பிறகு குற்றாலம் வீட்டில் தனியாக இருக்கிறார். தென்காசியில் என் வீட்டுக்குக் கூப்பிட்டால், "சாரல் நேரத்துல எவனாவது குத்தாலத்த விட்டுட்டு வருவானா?" என்பார். சாரல் முடிந்ததும் கூப்பிட்டால், "இப்பதாம்ட்டி கூட்டமெல்லாம் போயிருக்கு, நிம்மதியா இருக்கேன்" என்பார். இவரை என்ன செய்ய?

வழி கண்டுபிடித்தவள் என் மகள் நித்யா. சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அங்கே முறை வைத்து ஆன்-கால் டியூட்டி உண்டு. கம்பெனி சர்வர் படுத்துக்கொண்டால் ஒரு ஆப், டியூட்டியில் இருப்பவரின் போனை அலற வைக்கும். அவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தொட வேண்டும். தொடாவிட்டால் அடுத்தவருக்கு அலறும்... அவரும் தொடாவிட்டால் அதற்கடுத்தவருக்கு. ஆள் கிடைக்கும்வரை விடாது.

"சர்வருக்கே இவ்வளவு கவனிப்புன்னா, தாத்தாவுக்கு வேண்டாமா?" என்றாள். சின்னக் குழுவுக்கு அந்த ஆப் இலவசமாம். அப்பாவின் கழுத்தில் ஒரு பட்டனை மாட்டி ஆப்போடு இணைத்துவிட்டாள்.

"யார் பேர முதல்ல போடட்டும் தாத்தா?"

அப்பா யோசிக்கவே இல்லை. "இதென்ன கேள்வி? கல்யாணப் பத்திரிகையில எப்படிப் போடுதோம்? மூத்தவன் பேருதான் முதல்ல."

மூத்தவர் – என் அண்ணன் – இருப்பது தோஹாவில். அடுத்தது நான், தென்காசியில். கடைசியில் தம்பி துரை. அவன் குற்றாலத்திலேயே ஒரு லாட்ஜில் மேனேஜர். அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் லாட்ஜ். ஆக, கடல் தாண்டி இருப்பவர் முதலில், கூப்பிடு தூரத்தில் இருப்பவன் கடைசியில். எங்களில் ஒருவருக்காவது உறைத்ததா? ம்ஹூம். உறைத்திருந்தாலும், அண்ணன் பெயரைக் கீழே போடச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

ஆனி மாதம் ஒரு காலை. சாரலில் வீட்டுப் பின்பக்கமெல்லாம் பாசி. துண்டு காயப்போடப் போன அப்பா வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. பட்டனை அழுத்தினார்.

தோஹாவில் அண்ணனின் போன் அலறியது. அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்பாவாயிற்றே... 'நான் பார்த்துக்கொள்கிறேன்' – தொட்டுவிட்டார்.

அவ்வளவுதான். ஆள் கிடைத்துவிட்டார் என்று ஆப் வாயை மூடிக்கொண்டது. எனக்கும் அலறவில்லை, துரைக்கும் அலறவில்லை. அண்ணன் எங்களுக்கு மாறி மாறி சாதாரண போன் அடித்திருக்கிறார். சீசன் கூட்டத்தில் ரிசப்ஷனில் நின்ற துரை போனைக் கவனிக்கவில்லை. நான் மார்க்கெட் இரைச்சலில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் அப்பா சாரலில் நனைந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா யாரையும் திட்டவில்லை. அண்ணன்தான் உடைந்துபோனார். "நான் அமுக்காம இருந்திருந்தா துரை அஞ்சு நிமிசத்துல போயிருப்பாம்லாட்டி... என் பேர எடுத்துருங்க. இங்கன இருந்துக்கிட்டு நான் எதுக்கு?" தலை நரைத்த மனிதர் போனில் அழுவதைக் கேட்டிருக்கிறீர்களா?

அப்பாவிடம் சொன்னேன். "அவன் பேர எடுத்தா இந்தப் பட்டனையும் கழத்தி எறிஞ்சிருவேன், பாத்துக்க" என்றார். செய்வார். அவரை எனக்குத் தெரியும்.

நித்யாதான் மறுபடியும் உட்கார்ந்தாள். ஆப்பில் புதிதாகச் சில வசதிகள் வந்திருக்கின்றனவாம். 'பார்த்துக்கொள்கிறேன்' என்று தொட்டவர் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால், மறுபடி எல்லாருக்கும் அலறும். நல்லது! ஓடிப் போகிற தூரத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அலற வைக்கலாம். அதுவும் நல்லது – துரை, நான். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தகவல் மட்டும் போகும்படி வைக்கலாம்.

வீடியோ காலில் இதைச் சொன்னதும் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "வர முடியாதவனுக்குப் பத்திரிகை அனுப்புத மாதிரியா?"

"இருங்க மாமா, முழுசா கேளுங்க" என்றாள் நித்யா. "பட்டன அமுக்குனதும் ஒரு லைன் தானாத் திறக்கும். தாத்தா சட்டைப் பையில இருக்க போன் ஸ்பீக்கர்ல பேசும். எங்க கம்பெனியில எல்லாரும் அந்த லைன்ல சேர்ந்துதான் சர்வரச் சரி பண்ணுவோம். இங்க, துரை மாமா ஓடி வந்து சேருத வரைக்கும் தாத்தா தனியாத்தான இருப்பாங்க? அதுவரைக்கும் அவங்ககூடப் பேசிக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும். அது நீங்க."

அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, "நான் எத அமுக்கணும்?" என்றார்.

"ஒண்ணையும் அமுக்க வேண்டாம் மாமா. பேசுனா போதும்."

இப்போது போன வியாழக்கிழமைக்கு வாருங்கள். நல்ல சாரல். குற்றாலம் ரோட்டில் வரிசையாக வேன்கள். ஒவ்வொரு வேனுக்குப் பின்னால் நிற்கும்போதும் எனக்கு அழுகை முட்டியது. ஒரு வழியாக நுழைந்து, ஓடி, கதவைத் தள்ளினால்...

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடி நிறைய ரம்புட்டான் தோல். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்திருக்கிறார். சர்க்கரை இறங்கித் தலை சுற்றியிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து அண்ணனின் குரல் கேட்கிறது.

"அடுத்தது உரிச்சாச்சாப்பா?"

"உரிக்கேம்ல."

"வாயில போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"சரி... ஐந்தருவியில தண்ணி எப்படி விழுது?"

"அஞ்சும் ஒண்ணாச் சேந்து கொட்டுதுல. நீ எப்ப வருத?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்து, 'பொறு' என்று கை காட்டினார்.

வாசல் பக்கம் நின்றிருந்த துரை என் காதருகே வந்தான். "தலை சுத்துதுன்னதும், மேசையில என்னப்பா இருக்குன்னு கேட்டு அண்ணன்தான் பழத்தத் தின்ன வச்சிருக்காவ. நான் வரும்போதே அப்பா தெளிஞ்சு உக்காந்திருந்தாவக்கா. எனக்கு இங்க வேலையே இல்ல" என்றான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பயத்தில் இல்லை.

சாயங்காலம் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தோம். அந்த ஆப்பில் இன்னொரு புது வசதியும் இருக்கிறது. நடந்ததையெல்லாம் தானாகவே ஒரு ரிப்போர்ட்டாக எழுதி, 'சரிதானா?' என்று நம்மிடம் கேட்கும். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முதலில் வந்து சேர்ந்தவர்: துரை."

"தப்பு" என்றார் அப்பா.

"என்னப்பா தப்பு? துரைதான வந்தான்?"

"மூத்தவன்லா முதல்ல வந்தான்."

துரையைப் பார்த்தேன். அவன் சிரித்தபடி தலையாட்டினான்.

திருத்திவிட்டேன்.